வடிவு மிஸ்ஸின் முந்நூறு கிராம்

“துணிக்கு நூறு” என்பார் வடிவு மிஸ், தராசின் முள்ளைப் பார்த்தபடி. தராசுத் துணியில் தொங்குகிற பிள்ளை காலை உதறும். “ஈரத்துக்கு நூறு.” பிள்ளை வீரிட்டு அழும். மூன்றாவது நூறை அவர் வாயால் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து, கூரைத் தகரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, மனத்துக்குள்ளேயே கழித்துக்கொள்வார். பிறகுதான் பேனாவைத் திறப்பார். முள் ஏழு கிலோவில் நின்றால் பதிவேட்டில் ஆறு கிலோ எழுநூறு.

மாதத்தில் இரண்டு புதன்கிழமை, மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் இந்தக் காரியம் நடக்கும். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற அந்த ஒற்றை அறைதான், கிளினிக் நாளில் கிளினிக். தோட்டத்தின் பெயர் இங்கே எழுதப்படவில்லை. எழுதினால் அங்கே இன்னொரு தராசு வரும். வந்த தராசால் பட்ட பாடே போதும்.

சண்முகவடிவுக்கு வயது ஐம்பத்துமூன்று. அரசாங்கப் பதிவு பெற்ற மருத்துவிச்சி. தோட்டம் முழுவதற்கும் ‘வடிவு மிஸ்’. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, அட்டை கடித்தால் தேய்க்க இடுப்பில் முடிந்த சவுக்காரத் துண்டு. தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் “எப்படி இருக்கீங்க?” அநேகமாகச் சட்டியில் ஒன்றும் இராது, மூடிமேல் நேற்றைய கோதுமை ரொட்டி ஒன்று இருக்கும். ஆனாலும் அந்த வீட்டுப் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டால் முள் நல்ல இடத்தில்தான் நிற்கும். இதில் வடிவு மிஸ்ஸுக்குப் பெருமை உண்டு. “நம்ம புள்ளைங்க கல்லு மாதிரி. காத்தக் குடிச்சே வளந்துரும்” என்று வருகிற போகிற எல்லோரிடமும் சொல்வார். சொல்லிவிட்டு முந்நூறு கழிப்பார்.

கழிப்பது ஏன் என்பதை விளக்கிவிட வேண்டும். பிள்ளையின் நிறை வளர்ச்சி வரைபடத்தில் பச்சைக் கோட்டுக்கு மேலே இருந்தால் தாய்க்கு ஒரு புன்னகை கிடைக்கும். கோட்டுக்குக் கீழே, மஞ்சளிலோ சிவப்பிலோ விழுந்தால் அரசாங்கச் சத்துமாவான திரிபோஷாப் பொதி கிடைக்கும். புன்னகையைக் கரைத்துப் பிள்ளைக்கு ஊட்ட முடியாது. ஆகவே வடிவு மிஸ் தன் பேனாவினால் பிள்ளைகளைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார்.

எவ்வளவு கழிப்பது என்பதை அவர் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படிக்கவில்லை. கொழுந்து மடுவத்தில் படித்தார். பறித்த கொழுந்தை நிறுக்கிற அந்தக் கொட்டகையில் கூடைக்கு ஒரு கிலோ கழிப்பார்கள், ஈரத்துக்கு ஒரு கிலோ கழிப்பார்கள், பிறகு பெயரில்லாத ஒரு கிலோ கழிப்பார்கள். வடிவுக்கு ஒன்பது வயதில், அம்மா பூரணி பதினெட்டுக் கிலோ பறித்துக்கொண்டு போய், பதினைந்து என்று எழுதப்பட்டு, நாள் கணக்கான பதினாறுக்கு ஒரு கிலோ குறைவென்று அரைநாள் சம்பளத்துக்கான அரைப் பேரோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறார். அம்மா அழவில்லை. “ஈரமாம்” என்று மட்டும் சொன்னார். அன்று மழையே பெய்யவில்லை. தோட்டம் கற்றுக்கொடுத்ததை மகள் அரசாங்கத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். கிலோவைக் கிராமாக்கி, நூறு நூறாக.

இதிலே ஒரு நுட்பம். நிறுப்பதற்கு முன்பே வெறுந்துணியைத் தொங்கவிட்டு முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிடுவது முறை. ஆகவே துணிக்குக் கழிக்க எதுவும் இல்லை. ஈரம் துணியிலேயே அடக்கம். பெயரில்லாத நூறுக்கு விளக்கமே கிடையாது. மூன்றும் சுத்தப் பொய். இது வடிவு மிஸ்ஸுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்ததனால்தான் நிம்மதியாக இருந்தார். பதிவேட்டின்படி தோட்டத்தில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், அதில் நாற்பத்தொரு பேர் நிறை குறைவு. உண்மையில் அப்படியில்லை, எல்லாம் தன் பேனா செய்த வேலை என்பது அவருடைய தலையணை.

அந்தத் தலையணையை இழுத்தது ஒரு படிவம்.

மருத்துவிச்சிகளின் பதிவை இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. படிவம் முப்பதாம் தேதிக்குள் போகாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து வடிவு மிஸ் வெறும் வடிவு. பதிவில்லாதவர் பிள்ளையைத் தொடக்கூடாது, மருந்தூசியைத் தொடக்கூடாது, குவாட்டர்ஸில் குடியிருக்கவும் கூடாது. படிவத்தில் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: ‘கடந்த ஐந்தாண்டுகளில் நீர் உமது தொழிலை நேர்மையுடன் புரிந்தீரா?’ ஆம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி. இரண்டாவது பெட்டி யாருக்காகப் போடப்பட்டதோ தெரியாது. வடிவு மிஸ் அந்த இடத்துக்கு வந்ததும் படிவத்தை மடித்து, சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழின் பின்னால் செருகிவிட்டார். அந்தச் சான்றிதழ் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குவது. வெள்ளிக்கிழமைதோறும் முருகனுக்குப் பொட்டு வைத்த கையோடு பதிவிலக்கத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு விழும். இருபத்தேழு வருஷச் சந்தனம் ஏறி, இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களையும் இப்போது படிக்க முடியாது.

நான்காம் பக்கம்தான் ஆபத்து. ‘இவரது பதிவேடுகள் உண்மையானவை எனப் பரிசோதித்து உறுதிப்படுத்துகிறேன்’ என்று மேற்பார்வை சிஸ்டர் கையெழுத்திட வேண்டும். பொய்ப் பதிவு என்று கண்டால் விசாரணை. விசாரணை முடிந்தால் பெயர் வெட்டு.

மேற்பார்வை சிஸ்டரின் பெயர் குணபூசணி. சொந்த இடம் யாழ்ப்பாணம். ஹட்டனுக்கு வந்து ஆறு வருஷம். குளிரை இன்னும் ஒப்புக்கொள்ளாதவர். சித்திரை மாதத்திலும் கம்பளிச் சட்டை. அவர் பரிசோதித்த பதிவேட்டில் பிழை இருந்தால் பேசமாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அதன் பிறகு மூன்று மருத்துவிச்சிகள் வேறு மாவட்டத்தில் வேலை செய்கிறார்கள் என்று பேச்சு. ஒரு சின்னத் தோட்டத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள் நிறை குறைவு என்பது ஏற்கெனவே மாவட்டக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டுவிட்டது. ஆகவே இருபத்தாறாம் தேதி புதன்கிழமை அவர் வருகிறார். கையோடு, நுவரெலியாவில் சோதித்து முத்திரை குத்திய டிஜிட்டல் தராசு ஒன்றும் வருகிறது.

செய்தி கேட்டதும் பிள்ளைக் காம்பரா ஆயம்மா பேச்சியம்மா தன்னாலான உதவியைச் செய்ய முன்வந்தார்.

“அந்தப் பொட்டியை நான் வாங்கி வைக்கிறேன் மிஸ். வாங்கும்போது கை தவறிருச்சுன்னு சொல்லிருவோம்.”

“பேசாம இருங்க பேச்சியம்மா.”

“எனக்குக் கை நடுக்கம் இருக்குன்னு நீங்களே சீட்டு எழுதித் தந்திருக்கீங்கள்ல?”

“அது நீங்க லீவு கேட்டதுக்கு எழுதினது.”

இன்னொரு கவலையும் இருந்தது. அதற்குப் பெயர் சிவசாமி. மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை. முப்பது வருஷமாகக் கழித்துக் கழித்தே வலது கைப் பெருவிரல் தட்டையாகிவிட்டது என்பார்கள். போன வருஷம், மாசமாக இருக்கிற பெண்களிடம் ஈரம் கழிக்கிறார் என்று வடிவு மிஸ் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் நேரே போய்ச் சொன்னார். சிவசாமிக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து, பேரன் வினோஜனைத் தூக்கிக்கொண்டு அவரே கிளினிக்குக்கு வந்தார். பேரன் தொங்கினான். தாத்தாவின் கண் பழக்கதோஷத்தில் முள்ளுக்குப் போனது. பிறகு பதிவேட்டுக்குப் போனது. பிறகு மிஸ்ஸின் முகத்துக்கு வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

“முள்ளு ஒண்ணு சொல்லுது, பேனா ஒண்ணு சொல்லுது” என்றார் சிவசாமி, வெகு மரியாதையாக. “இது நம்ம மடுவத்துக் கணக்கு மாதிரியில்ல இருக்கு மிஸ்?”

அன்றிலிருந்து வழியில் கண்டால் சிரிப்பார். வடிவு மிஸ்ஸுக்கு அட்டைக் கடியைவிட அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

இருபத்தாறாம் தேதி மழை. ஒன்பது மணிக்குள் தாய்மார் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஹட்டனிலிருந்து பெரிய சிஸ்டர் வருகிறார் என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தொப்பி, காலுறை, திருஷ்டிப் பொட்டு. வயிறு நிறையப் பால் வேறு கொடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளைகள் கொஞ்சம் மெலிந்து தெரிந்தால் நல்லது என்று வடிவு மிஸ் இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக நினைத்தார். நினைத்ததற்காக உடனே தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

சிஸ்டர் வந்தார். பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. பேச்சியம்மாவின் நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. மேசையில் தராசை வைத்து, துணி விரித்து, பித்தானை அமுக்கினார். சிவப்பு எண்கள் எரிந்தன. பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

“நீங்கள் வழமைபோல உங்கடை தராசிலை நிறுத்து எழுதுங்கோ, வடிவு. நான் பின்னாலை இதிலை ஒருக்கா வைச்சுப் பாக்கிறன். வேறை ஒண்டுமில்லை.”

வேறொன்றும் இல்லைதான். தூக்குமேடைக்கும் ஒரு கயிறு, ஒரு பலகை, வேறொன்றும் இல்லை.

இப்போது வடிவு மிஸ்ஸின் நிலைமையைப் பாருங்கள். முள் காட்டுகிறபடி எழுதினால், போன மாதம் கழித்து எழுதிய ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதத்தில் முந்நூறு கிராம் தாவியிருப்பார்கள். அப்படி ஓர் அதிசயத்தை சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்கமாட்டார். வழக்கம்போலக் கழித்து எழுதினால், பின்னாலேயே அந்தச் சிவப்பு எண்கள் காட்டிக்கொடுத்துவிடும். வாசல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, பேரனைத் தோளில் போட்டபடி, சிவசாமி சிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் பிள்ளை சுலக்ஷனா, ஒன்பது மாதம். தாய் தனுஜா மூன்றாம் நம்பர் லயம். பிள்ளை பிறந்த நாற்பதாம் நாளே கொழுந்து பறிக்க மலைக்குப் போனவள். அவள் மகளின் கால்களைத் துணிக்குள் விட்டுத் தொங்கவிட்டாள். முள் ஆடி ஆடி ஆறு கிலோ எழுநூறில் நின்றது.

வடிவு மிஸ் பேனாவைத் திறந்தார். எழுநூறா, நானூறா? காதுக்குள் மழை தகரத்தில் கொட்டியது. அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் வாய்க்கு முடிவு செய்யத் தெரிந்திருந்தது.

“துணிக்கு நூறு” என்றது வாய்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பேச்சியம்மா கண்ணை மூடிக்கொண்டார். பேனா மீதியையும் தானாகவே கழித்து, ஆறு கிலோ நானூறு என்று முத்து முத்தாக எழுதியது.

சிஸ்டர் பிள்ளையை வாங்கி, தொப்பியைக் கழற்றி, மேசைத் தராசில் கிடத்தினார். எண்கள் மேலும் கீழும் ஓடின. வடிவு மிஸ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குவாட்டர்ஸைக் காலி செய்தால் முருகனைக் கொண்டுபோகலாம், சான்றிதழை யாரிடம் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“ஆறு கிலோ முந்நூற்றித் தொண்ணூறு” என்றார் சிஸ்டர். “பத்துக் கிராம்தான் வித்தியாசம். அது பரவாயில்லை.”

வடிவு மிஸ்ஸுக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்று: சிஸ்டரும் கழிக்கிறார். யாழ்ப்பாணத்திலும் மடுவம் இருக்கிறதா என்ன?

இரண்டாவது பிள்ளை. முள் ஒன்பது, பேனா எட்டு எழுநூறு, சிவப்பு எண் எட்டு எழுநூறு. மூன்றாவது வினோஜன். முள் எட்டு கிலோ நூறு, பேனா ஏழு எண்ணூறு, சிவப்பு எண் ஏழு எண்ணூற்றுப் பத்து. “அச்சொட்டு” என்றார் சிஸ்டர். இப்படி ஏழு பிள்ளைகள். ஏழும் அச்சொட்டு. வடிவு மிஸ்ஸின் நெற்றியில் வியர்வை பூத்தது. மஸ்கெலியாவில், மழை நாளில், வியர்வை.

எட்டாவது பிள்ளை தொங்கும்போது சிஸ்டர் தற்செயலாக அண்ணாந்து முள்ளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி முள்ளைப் பார்த்தார். வினோஜனைத் திருப்பி வாங்கி, தன் கையாலேயே பழைய தராசில் தொங்கவிட்டார். எட்டு நூறு. இறக்கி மேசைத் தராசில் வைத்தார். ஏழு எண்ணூற்றுப் பத்து.

மூக்குக் கண்ணாடி கழன்று மேசைக்கு வந்தது.

“வடிவு. உங்கடை தராசு பூச்சியத்திலை சரியா நிண்டாலும், பாரம் ஏறினால் முந்நூறு கூடக் காட்டுது. கம்பிச் சுருள் தளர்ந்துபோச்சு. அப்ப நீங்கள் எப்பிடி ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியான நிறை எழுதினனீங்கள்?”

அறையில் இருந்த தாய்மாருக்குக் கேள்வி விளங்கவில்லை. கண்ணாடி கழன்றது விளங்கியது. வடிவு மிஸ் வாயைத் திறந்தார். துணி, ஈரம், பெயரில்லாதது என்று மூன்று சொற்கள் அங்கே தயாராக நின்றன. மூன்றும் பெயர் வெட்டுகிற சொற்கள்.

வாசல் கம்பத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது.

“நான் சொல்லலாங்களா சிஸ்டர்?” என்றார் சிவசாமி. “மிஸ் கழிச்சுத்தான் எழுதுறாங்க. நான் என் கண்ணால பாத்தேன்.”

பேச்சியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

“தராசு கூடக் காட்டுனா கழிச்சுத்தான் எழுதணும்” என்று தொடர்ந்தார் சிவசாமி. “அதுதானே முறை? நான் முப்பது வருசமா மடுவத்துல அதத்தான் செய்றேன். செஞ்சா துரைகிட்டப் போய்ப் பிராது சொல்றாங்க. மிஸ் இந்தத் தோட்டத்துப் புள்ள; தராசப் பாத்தாலே அவங்களுக்குக் கழிவு தெரியும். ரத்தத்துல ஊறினதுங்க சிஸ்டர் அது.”

சொல்லிவிட்டு வடிவு மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்தார். பகையாளி பார்க்கிற பார்வையல்ல. ஒரே தொழிலில் உள்ளவர், தொழிலில் உள்ள மற்றவரைப் பார்க்கிற பார்வை. அதைவிடப் பெயர் வெட்டே மேல் என்று வடிவு மிஸ்ஸுக்குப் பட்டது.

சிஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். போட்டுக்கொண்டார். வடிவு மிஸ்ஸை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துப் பார்வைகள் சுலபத்தில் திறக்காது.

“எவ்வளவு காலமா இது இப்பிடிக் கூடக் காட்டுது?”

“தெரியல சிஸ்டர்” என்றார் வடிவு மிஸ். அன்று அந்த அறையில் அவர் சொன்ன முதல் உண்மை அதுதான்.

“பிழையான தராசிலை சரியான நிறை எழுதியிருக்கிறியள். பலபேர் சரியான தராசிலையே பிழையா எழுதுகினம். எங்கை அந்தப் படிவம்?”

வடிவு மிஸ் அதைச் சான்றிதழின் பின்னாலிருந்து எடுத்து, காலையிலேயே கைப்பையில் கொண்டுவந்திருந்தார். கொடுத்தார். சிஸ்டர் நான்காம் பக்கத்தில் கையெழுத்திட்டார். குறிப்பு எழுதும் இடத்தில், ‘தராசின் வழுவை அனுபவத்தால் அறிந்து திருத்தும் ஆற்றல் உடையவர்’ என்று அழகான எழுத்தில் எழுதினார். பக்கங்களைப் புரட்டியவர் மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

“இஞ்சை ஒரு பெட்டி நிரப்பாமல் கிடக்கு.”

“நிரப்பிருவேன் சிஸ்டர்.”

“புதுத் தராசு இனி உங்களுக்குத்தான். பழசைக் கழற்றிப் போடுங்கோ. நாற்பத்தொண்டு எண்டு நீங்கள் எழுதினதை நான் நம்பேல்லை. இப்ப மாவட்டத்துக்கு எழுதிறன், உண்மைதான் எண்டு.”

சிஸ்டர் பத்தரை மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். சிவசாமி பேரனோடு, வழக்கத்தைவிட நிமிர்ந்து நடந்து போனார். மடுவத்தில் அன்று பின்னேரம் கழிவு கூடுதலாக இருந்ததாகப் பிற்பாடு கேள்வி. பேச்சியம்மா ஓடிவந்து மிஸ்ஸின் கையைப் பிடித்தார்.

“முருகன் காப்பாத்திட்டாரு மிஸ். பொய்யி எல்லாம் மெய்யாப் போச்சு பாத்தீங்களா.”

வடிவு மிஸ் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். போன மாதம். அதற்கு முந்திய மாதம். போன வருஷம். எந்த மாதத்தில் அந்தக் கம்பிச் சுருள் தளர்ந்தது? எந்தப் பக்கம் வரைக்கும் பொய், எந்தப் பக்கத்திலிருந்து மெய்? எழுத்து எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி முத்து முத்தாக இருந்தது. நாற்பத்தொரு பெயர்களும் வரிசையாக இருந்தன. சட்டி மூடிகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

“தனுஜா” என்று கூப்பிட்டார். “புள்ளையை இன்னொருக்கா குடும்மா.”

“இப்பத்தானே நிறுத்தீங்க மிஸ்?”

“குடும்மா.”

சுலக்ஷனாவின் காலுறையைக் கழற்றினார். வளையலைக் கழற்றினார். அரைஞாண் கயிற்றைக்கூட அவிழ்த்தார். கழிக்க ஒன்றும் மிஞ்சாத பிள்ளையைப் புதுத் தராசில் கிடத்தினார். எண்கள் ஓடி, ஆறு கிலோ முந்நூற்று அறுபதில் நின்றன. பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது.

வடிவு மிஸ் வாசலைப் பார்த்தார். பிறகு வலது கைச் சுட்டுவிரலை, விரித்த துணிக்கு அடியில், தட்டின் ஓரத்தில் வைத்து மெல்ல அமுக்கினார். நானூறு. ஐந்நூற்றைம்பது. அறுநூற்று எண்பது. காலையில் பழைய முள் நின்ற அந்த ஆறு கிலோ எழுநூறு வந்ததும் அமுக்குவதை நிறுத்தி, அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனுஜாவும் அதைப் பார்த்தாள்.

விரலை எடுத்தார்.